சிமெண்ட் இல்லாமல் கல் நிறுத்துவது: அடுக்கும் வளைவும்

பசை, சிமெண்ட், கம்பி எதுவும் இல்லாமல் கல்லின்மேல் கல்லை நிறுத்துவதும், அதே கற்களை வளைவாகக் கட்டி, கட்டும்வரை அடியில் தாங்கிய சாரத்தை (மரச்சட்டத்தை) உருவிவிடுவதும் செலவில்லாத பொழுதுபோக்கு. கை நடுங்காதவர்களுக்குத்தான் இது வரும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கைக்கு இதில் வேலை கொஞ்சம்தான். அடுக்கில் பாதி நேரம் கல்லைத் தேர்வதில் போகும். வளைவில் பாதி உழைப்பு, அதன் கால் வெளியே நகராமல் தாங்க இரண்டு பக்கமும் வைக்கிற உதைகல்லுக்குப் போகும். இந்த இரண்டிலும் அவசரப்படுகிறவர்களின் கல்தான் நிற்பதில்லை.

எந்தக் கல்

நெல்லைச் சீமையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாக் கல்லும் எல்லா வேலைக்கும் ஆகாது.

நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத் தோட்டங்களில் கிணறு வெட்டியபோது மேலே கொட்டிய கல் மேடாகக் கிடக்கும். வெடி வைத்து உடைத்த கல் என்பதால் தட்டையான முகமும் கூரான விளிம்பும் இருக்கும். வளைவு கட்ட இதைவிட நல்ல கல் தேட வேண்டியதில்லை. ஒரே தொல்லை, வெடி அதிர்ச்சியில் சில கற்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கும். கல்லை இன்னொரு கல்லின்மேல் தாங்க வைத்து, ஒரு கிலோ சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல கல். பொத்தென்று அமுங்கினால் விரிசல், ஒதுக்கிவிடுங்கள். மண்ணில் கிடக்கிற நிலையிலேயே தட்டினால் நல்ல கல்லும் பொத்தென்றுதான் கேட்கும். அதனால் தூக்கி வைத்துத் தட்டுவது முக்கியம்.

அடுக்குக்கு ஆற்றுக் கல் அழகு. தாமிரபரணியிலும் அதில் சேருகிற மணிமுத்தாறு, பச்சையாறு, சிற்றாற்றிலும் உருண்டு வந்த கல்லுக்கு விளிம்பு தேய்ந்திருக்கும். பார்க்க வழவழப்பாகத் தெரிந்தாலும் நகத்தால் தடவினால் சின்னச் சின்னக் குழியும் மேடும் தட்டுப்படும். நம் பக்கத்துப் பாறை பலவற்றில் கடுகு, மிளகு அளவில் சிவப்பு மணிகள் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றியுள்ள பாறை தேய்ந்தாலும் அந்த மணி அவ்வளவு சீக்கிரம் தேயாது. அதனால் அது துருத்திக்கொண்டு நிற்கும், மணி உதிர்ந்த இடம் குழியாக இருக்கும். அடுக்குகிறவருக்கு அந்தத் துருத்தலும் குழியும்தான் பிடிமானம்.

வெள்ளை வெளேரென்ற வெங்கச்சங்கல் உடைந்த முகத்தில் கண்ணாடி போல வழுக்கும். உச்சியில் ஒன்று வைக்கலாம், நடுவில் வைக்கக் கூடாது. சுக்காங்கல்லை (மண்ணில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்) அடியில் வைக்கவே வேண்டாம். மேலே உள்ள பாரமெல்லாம் ஒரு புள்ளியில் இறங்கும்போது அந்த இடம் மாவாக உதிரும். வைத்த நேரத்தில் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துக் காரணமே தெரியாமல் விழும்.

எடையை உத்தேசிக்க ஒரு கணக்கு: நம் ஊர்க் கருங்கல் 1000 கன செ.மீ.க்கு ஏறக்குறைய 2.7 கிலோ. 20 செ.மீ. நீளம், 15 அகலம், 10 உயரம் உள்ள கல் 8 கிலோ வரும். பார்வைக்குச் சின்னதாக இருக்கிற கல் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துவிடுவது இதனால்தான். 15 கிலோவுக்கு மேல் உள்ளதைத் தனியாகத் தூக்காதீர்கள். கடப்பாரையால் நெம்பிச் சாக்கின்மேல் ஏற்றி இழுத்துவிடலாம்.

எங்கே, எப்போது

சொந்தத் தோட்டம், தெரிந்தவர் தரிசு, பொத்தை (சிறு குன்று) அடிவாரத்தில் அனுமதி கேட்ட இடம் ஆகியவை நல்லது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகமாக உள்ள காடு. அதற்குள் ஒரு கல்லைக்கூடப் புரட்டக் கூடாது. ஆற்றங்கரையில் செய்வதானால் தண்ணீரில் நனைந்து கிடக்கிற கல்லைத் தொடாமல், கரையில் காய்ந்து கிடக்கிறதை மட்டும் எடுங்கள். ஓடுகிற தண்ணீருக்குள் இருக்கும் கல்லின் அடிப்பக்கம் மீன் முட்டைக்கும் நண்டுக்கும் தட்டான் குஞ்சுக்கும் வீடு. ஒரு கல்லைத் தூக்கினால் அதன் அடியில் ஒட்டியிருந்தது வெயிலில் காய்ந்து போகும். வேலை முடிந்ததும் கல் எங்கிருந்ததோ அங்கேயே போகட்டும். வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணமே வேண்டாம்.

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்குக் கீழே ஆற்றின் நடுப்பாறைக்குப் போய் அடுக்கவே கூடாது. மேலே தண்ணீர் திறந்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே மட்டம் ஏறும்.

இன்னும் இரண்டு இடங்களைத் தவிர்க்க வேண்டும். மலைக்கோயில் பாதையில் வீடு கட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பக்தர்கள் மூன்று நான்கு கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள். அது அவர்கள் நேர்த்தி. அதிலிருந்து கல் எடுப்பதும் தவறு, பக்கத்தில் நம் அடுக்கை நிறுத்துவதும் சரியில்லை. அதேபோல் பழைய பானை ஓடுகள் சிதறிக் கிடக்கிற மேட்டிலும், வட்டமாகக் கல் பதித்த இடத்திலும் கை வைக்காதீர்கள். ஆதிச்சநல்லூரைப் பெற்ற ஆற்றங்கரை இது. புதைமேடு எது, வெறும் மேடு எது என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது.

மாதங்களில் தையும் மாசியும் பங்குனியும் உகந்தவை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற காற்றில் ஒல்லியான அடுக்கு நிற்காது. பணகுடிப் பக்கம் காற்றாலை சுற்றுகிற இடத்தில் அந்தப் பருவத்தில் வளைவு மட்டும் கட்டுங்கள். பொழுதில் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை போதும். பங்குனிக்கு மேல் பத்து மணிக்கே கருங்கல் கையைச் சுடும்.

கல்லைப் புரட்டும்போது தூர விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் தேளோ பூரானோ சுருட்டை விரியனோ இருந்தால் அதற்கும் உங்களுக்கும் நடுவில் கல் மறைப்பாக இருக்கும், அது எதிர்ப்பக்கம் ஓடும். முதல் தடவை கையால் வேண்டாம், கடப்பாரையால் நெம்புங்கள். மூடிய செருப்பு கட்டாயம். கையுறை கல் சுமக்கிறபோது மட்டும். அடுக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், விரல் நுனியில் உணர்வு தேவை.

அடுக்கு: மூன்று புள்ளி

அடுப்புக் கூட்டுகிறபோது மூன்று கல் வைக்கிறோம். தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்றில் பானை ஆடாது, நான்கு வைத்தால் ஒன்று தூக்கிக்கொள்ளும். கல் அடுக்கும் அதுவேதான். மேல்கல் கீழ்க்கல்லை மூன்று இடத்தில் தொட்டால் நிற்கும். அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று 3 முதல் 5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே போதும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே முனையில் நிற்பதாகத் தோன்றும், கிட்டே போனால் முனைக்கு அடியில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். மேல்கல்லின் பாரமையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு விட்டால் அது அந்த முக்கோணத்துக்குள் விழ வேண்டும். அடுக்கின் விதி இவ்வளவுதான்.

முதலில் அடிக்கல். குறைந்தது 8, 10 கிலோ இருக்கட்டும். மண்ணைத் தோண்டி அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் புதையுங்கள். மேலே ஏறி நின்று பாதத்தால் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி மண்ணைக் கெட்டியுங்கள். அடியில் மணல் போட்டு மட்டம் செய்யக் கூடாது, பாரம் ஏறினதும் மணல் நகரும். கரிசல் நிலத்தில் மழை பெய்த ஒரு வாரத்துக்கு வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தில் உப்பி, காயும்போது சுருங்கி வெடிக்கிற மண் அது. செம்மண்ணும் சரளையும் நம்பிக்கையானவை.

மேல்கல் தொடக்கத்தில் 2 முதல் 4 கிலோ. சின்னக் கல் எளிது என்று கூழாங்கல்லில் ஆரம்பிப்பவர்கள் சலித்துப் போவார்கள். எடை குறைந்த கல்லில் பாரம் எந்தப் பக்கம் போகிறது என்று விரலுக்குத் தெரியாது. மூச்சுக் காற்றே தள்ளிவிடும். நீளமான கல் மெதுவாகச் சாயும், திருத்த அவகாசம் தரும். ஒரு சாண் உயரமும் நான்கு விரல் தடிமனும் உள்ள கல் பழகுவதற்குப் பொருத்தம்.

அடிக்கல்லின் உச்சியில் விரலை ஓட்டிக் குழி தேடுங்கள். உளுந்து அளவுக் குழி போதும். மேல்கல்லின் முனையைக் குழியில் வைத்து இரண்டு கையாலும் இரு பக்கமும் அணைத்துப் பிடியுங்கள். முழு எடையையும் கீழே இறக்கிவிட்டு, சாயாமல் மட்டும் தாங்குங்கள். இப்போது இடது உள்ளங்கையில் அழுத்தம் அதிகமானால் கல் இடது பக்கம் விழப் பார்க்கிறது என்று பொருள். உச்சியை வலப்பக்கம் மயிரிழை தள்ளுங்கள். அதன் பிறகு முன் பின். அதன் பிறகு கல்லை அதன் அச்சில் ஒரு பாகை, இரண்டு பாகை திருகுங்கள். திருகும்போது டிக், டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும், விரலிலும் தெரியும். மேல்கல்லின் துருத்தல் ஒவ்வொன்றும் கீழே ஒரு குழியில் விழுகிற சத்தம் அது. ஒரு சத்தத்துக்குப் பிறகு கல் சட்டென்று இறுகி, தள்ளினால் கொஞ்சம் எதிர்க்கும். அங்கே நிறுத்துங்கள். நிறையப் பேர் அந்த இடத்தைத் தாண்டித் திருகிவிடுகிறார்கள்.

கையை எடுப்பது தனி வேலை. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் விலக்கினால் தோல் ஒட்டலே கல்லை இழுத்துவிடும். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுங்கள். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு விரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த இரண்டிலும் அழுத்தம் இல்லை என்றால் விட்டுவிடலாம். வியர்த்த கையை அடிக்கடி மண்ணில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

கால் மணி நேரம் முயன்றும் இறுகவில்லையென்றால் முக்கோணம் கிடைக்காத முனை அது. பழக்கத்தைக் குறை சொல்ல வேண்டாம். கல்லைத் தலைகீழாக்குங்கள், இல்லையென்றால் வேறு கல் எடுங்கள்.

மூன்றாவது கல் வைக்கும்போது இரண்டாவது கல்லும் சேர்ந்து அசையும். இதற்காக, வைக்கிற கல்லை நேர் கீழாக மட்டும் அழுத்துங்கள், பக்கவாட்டில் தேடக் கூடாது. குழி தேடுவதையெல்லாம் இரண்டாவது கல்லை ஏற்றும் முன்பே கீழே வைத்துப் பார்த்து, சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் முழங்கால் உயரத்துக்கு மேல் போக வேண்டாம்.

நீட்டிக்கொண்டு நிற்கும் கல்

ஒரு நீளக் கல்லைக் குறுக்கே வைத்து ஒரு பக்கம் நீட்டி, மறுபக்கம் பாரம் ஏற்றுவது அடுத்த படி. கணக்கு துலாக்கோல் கணக்கு: எடையை, தாங்கும் புள்ளியிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் இரு பக்கமும் சமமாக வேண்டும். 40 செ.மீ. நீளமும் 6 கிலோ எடையும் உள்ள கல்லின் நடு, தாங்கும் புள்ளியிலிருந்து 8 செ.மீ. வெளியே போனால் 48 வரும். குட்டைப் பக்கம் 12 செ.மீ. மிச்சம் இருக்கிறது. அதில் 8 செ.மீ. தூரத்தில் 6 கிலோ கல் வைத்தால் சமன். 10 கிலோ கல் என்றால் ஐந்து செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக. பாரக்கல் வைத்து முடிகிறவரை நீட்டிய முனையை இன்னொருவர் பிடித்திருக்க வேண்டும். அவர் கடைசியில் முனையைத் திடீரென்று விட்டால் போச்சு. மெல்லக் கீழே இறக்கி விட வேண்டும்.

குறுக்குக் கல்லில் வரிவரியாகப் படலம் ஓடியிருந்தால் படலம் தரைக்குப் படுக்கையாக இருக்கும்படி வையுங்கள். வரிகள் கல்லைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனால் பாரம் ஏறும்போது அந்த வரியிலேயே முறியும்.

வீட்டு முற்றத்தில் பழக, கடப்பாக்கல் கடையில் மிஞ்சிய துண்டுகள் அருமையானவை. ஒரே அளவில் 30 செ.மீ. நீளத் துண்டு ஐந்து வாங்கி, ஒரு திண்டின் விளிம்பில் அடுக்கிப் பாருங்கள். மேல்துண்டு அதற்குக் கீழுள்ளதைத் தாண்டி 15 செ.மீ. நீளலாம், அடுத்தது 7.5, அடுத்தது 5, அடுத்தது 3.75, கடைசித் துண்டு திண்டைத் தாண்டி 3. இது எல்லை. ஒவ்வொன்றிலும் அரை செ.மீ. குறைத்து வைத்தால் நிற்கும். அப்படிக் குறைத்தும் மொத்தம் 31.75 செ.மீ. வெளியே வந்துவிடும், அதாவது மேல்துண்டு முழுவதும் திண்டைத் தாண்டி அந்தரத்தில் இருக்கும். மேலிருந்து கீழாகக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு துண்டிலும் கோடு கிழித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக அடுக்குவது இதில் நுட்பம். அடுக்கி முடியும்வரை திண்டின் மேலுள்ள பகுதியை ஒரு கையால் அழுத்திக்கொள்ளுங்கள்.

வளைவு: சங்கிலியிலிருந்து கோடு

வளைவுக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நெருக்கம் சரியான கோட்டில் போனால் பசை வேண்டாம். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க 1675-இல் ராபர்ட் ஹூக் சொன்ன வழி இன்றைக்கும் போதும்: தொங்குகிற சங்கிலியின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் நிற்கிற வளைவின் வடிவம்.

சுவரில் 60 செ.மீ. இடைவெளியில் ஒரே மட்டத்தில் இரண்டு ஆணி அடியுங்கள். 90 செ.மீ. சங்கிலியைத் தொங்கவிட்டால் நடுவில் ஏறத்தாழ 30 செ.மீ. தொய்யும். பின்னால் அட்டையை வைத்துச் சங்கிலியின் ஓரமாகக் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். முதல் வளைவுக்கு இந்த அளவு அளவான வேலை. இந்தக் கோடு கல்லின் நடுவில் ஓட வேண்டிய கோடு என்பதை மறந்துவிடாதீர்கள். கல்லின் உள்வெளித் தடிமன் 12 செ.மீ. என்றால், சாரத்தை இந்தக் கோட்டிலிருந்து 6 செ.மீ. உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். சங்கிலிக் கோட்டிலேயே சாரம் வெட்டுவதுதான் புதியவர்களிடம் அதிகம் பார்க்கிற பிழை.

தடிமனைக் குறைக்கவும் ஓர் எல்லை உண்டு. அரைவட்ட வளைவு தன் பாரத்தில் நிற்க, ஆரத்தில் ஏறக்குறைய 11 விழுக்காடாவது தடிமன் வேண்டும். அது கச்சிதமாகச் செதுக்கிய கல்லுக்கு. செதுக்காத கல்லுக்கு மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. ஆரத்துக்கு 10 முதல் 12 செ.மீ. என்று வரும்.

கல் 11 வேண்டும். ஒவ்வொன்றும் வளைவின் போக்கில் சராசரி 8 செ.மீ., உள்ளிருந்து வெளியே 12, முன்பின் ஆழம் 15. வெளிப்பக்கம் கொஞ்சம் அகன்று உள்பக்கம் குறுகியிருந்தால் நல்லது. மொத்தம் சுமார் 40 கிலோ. தேவைக்கு ஒன்றரை மடங்கு பொறுக்கி வைத்து, தரையில் அட்டையின்மேல் படுக்கப் போட்டு முழு வளைவையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். சேராத கல் இங்கேயே தெரிந்துவிடும். சேர்ந்த கல்லுக்குச் சுண்ணக்கட்டியால் 1 முதல் 11 வரை எண் போடுங்கள். தடிமன் கூடிய கற்கள் கால் பக்கமும் ஒல்லியானவை உச்சிப் பக்கமும் போகட்டும்.

உதைகல்

வளைவின் கால் எப்போதும் வெளியே உதைக்கும். எவ்வளவு என்பது உயரத்தைப் பொறுத்தது. அகலத்தில் பாதி உயரம் இருந்தால் வளைவின் எடையில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 40 கிலோவுக்கு 8 முதல் 10 கிலோ. உயரம் அகலத்தில் கால் பங்காகக் குறைந்தால் உதை எடையில் பாதியாகும். எட்டில் ஒரு பங்கு உயரத்துக்குத் தட்டையாகக் கட்டினால் முழு எடையளவு உதைக்கும். தட்டை வளைவு பார்க்க லட்சணமாக இருக்கும். கால் நிலைக்காமல் விழுவதும் அதுதான்.

ஒரு பக்கத்துக்கு வளைவின் மொத்த எடைக்குக் குறையாத உதைகல் வேண்டும். 40 கிலோ ஒரே கல்லாகக் கிடைக்காவிட்டால், 25 கிலோ கல்லைப் பாதிப் புதைத்து அதன் வெளிப்பக்கம் மண்ணைக் கெட்டித்து இன்னொரு கல்லை முட்டுக் கொடுங்கள். வளைவு உட்காருகிற முகம் படுக்கையாக இருக்கக் கூடாது. கோடு எந்தச் சாய்வில் இறங்குகிறதோ அதற்குச் செங்குத்தாக, வெளிவிளிம்பு தூக்கலாக உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்படி முகம் அமையாவிட்டால் தட்டையான சில்லை அடியில் கொடுத்துச் சாய்வு ஏற்படுத்தலாம்.

திருநெல்வேலியில் தாமிரபரணியின் குறுக்கே 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் பக்கம் போகும்போது கீழே இறங்கித் தூண்களைப் பாருங்கள். 11 வளைவுகளில் நடுவிலுள்ளவை பக்கத்து வளைவின் உதையை ஒன்றுக்கொன்று வாங்கிக்கொள்கின்றன. கடைசி இரண்டின் உதையைக் கரைதான் தாங்குகிறது. நம் ஒற்றை வளைவுக்கு இரண்டு பக்கமும் கடைசிதான்.

சாரமும் கட்டும்

12 மி.மீ. பிளைவுட்டில் வளைவு வடிவில் ஒரே மாதிரி இரண்டு துண்டு வெட்டி, 12 செ.மீ. இடைவெளி விட்டு மேலே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தால் சாரம் தயார். இதை நேராகத் தரையில் வைக்கக் கூடாது, வெளியே எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். இரண்டு சின்னப் பைகளில் உலர்ந்த எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்த மணல்) 6 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி வாயைக் கட்டி, அதன்மேல் பலகை போட்டுச் சாரத்தை நிறுத்துங்கள். பை மணல் ஈரமாக இருந்தால் பிறகு ஒழுகாது. தூக்குக்குண்டு விட்டு இரு பக்கமும் நேர் பார்த்துக்கொள்ளுங்கள். பையின் உயரத்தையும் சேர்த்துத்தான் உதைகல்லின் மட்டம்.

இரு பக்கமும் மாறி மாறிக் கல் வையுங்கள்: 1, 11, 2, 10 என்று. ஒரு பக்கமே நான்கு கல் ஏறினால் சாரம் மறுபக்கம் தள்ளும். ஒவ்வொரு மூட்டிலும் இரு கல்லும் நடுப்பகுதியில் தொட்டுக்கொள்ள வேண்டும். உள்விளிம்பில் மட்டும் தொட்டு வெளியே வாய் பிளந்திருந்தால், வெளியிலிருந்து ஆப்பு போன்ற கல் சில்லைச் சொருகி, சுத்தியல் பின்புறத்தால் இரண்டு தட்டு. சில்லு கல்லைவிட வலுவாக இருக்க வேண்டும், சுக்காங்கல் சில்லு நசுங்கிவிடும். உள்பக்கத்திலிருந்து சில்லு சொருகவே கூடாது, சாரம் போனதும் அது கீழே உதிரும், மூட்டு தளரும்.

உச்சியில் நடுவே 6-ஆவதாக வரும் பூட்டுக்கல்லை மட்டும் கடைசியில், இடைவெளியை அளந்த பிறகு தேர்ந்தெடுங்கள். மேலிருந்து கையால் அழுத்தினால் முக்கால் பங்கு இறங்கி நிற்க வேண்டும். மரக்கட்டையை மேலே வைத்துத் தட்டி மிச்சத்தை இறக்குங்கள். முழுவதும் தானாக இறங்கினால் கல் சிறியது. அரைக்கு மேல் இறங்காததை அடித்து இறக்கினால் உதைகல் வெளியே நகரும்.

பூட்டிய பிறகு எல்லா மூட்டையும் மறுபடி சுற்றிப் பார்த்துத் தளர்ந்த சில்லைத் தட்டுங்கள். பிறகு இரண்டு பையின் மூலையையும் கத்தியால் சின்னதாகக் கிழித்துவிடுங்கள். மணல் ஒழுகச் சாரம் மெல்ல, நேராக இறங்கும். வளைவு அரை செ.மீ. வரை தாழ்ந்து இறுகுவது இயல்பு. கல் கிறீச்சிடும், சில சில்லு குதிக்கும். இந்த நேரத்தில் வளைவுக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. சாரம் இரண்டு செ.மீ. இறங்கியதும் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, குச்சியால் இழுத்து வெளியே எடுங்கள்.

விழப்போவதை முன்பே அறிவது

சாரம் இறங்குகிறபோது மூட்டுகளைக் கவனித்தால் காரணம் தெரியும். பூட்டுக்கல்லின் இரு பக்கமும் அடிப்பகுதி பிளந்து, கால் பக்கத்தில் வெளியே பிளவு தெரிந்தால் உதைகல் நகர்கிறது. கையை வளைவுக்கு அடியில் விடாமல் மணலை அடைத்து நிறுத்தி, முட்டுக் கல்லைப் பலப்படுத்துங்கள். இடுப்புப் பகுதி, அதாவது காலுக்கும் உச்சிக்கும் நடுவில், வெளியே துருத்தினால் வடிவம் சங்கிலிக் கோட்டிலிருந்து விலகியிருக்கிறது. அந்த இடத்துக்கு வெளியே கல்லை அடுக்கி மேலிருந்து பாரம் கொடுத்தால் அடங்கும். அரைவட்டமாகக் கட்டினால் இந்தப் பாரம் அநேகமாக வேண்டியிருக்கும். ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் எழும்பினால் இரு பக்க எடை சமமில்லை.

மூன்று மூட்டு பிளந்தாலும் வளைவு நிற்கும். நான்காவதும், மேல் கீழ் என்று மாறி மாறிப் பிளந்தால் மடங்கி விழும். அதனால் மூன்றாவது பிளவைப் பார்த்ததும் சாரத்தைத் திரும்ப ஏற்றிவிடுவது நல்லது.

கட்டிய வளைவின்மேல் யாரையும் ஏறி நிற்க விடாதீர்கள். நடுவில் நின்றால் தாங்கினாலும் தாங்கும். ஓரமாகக் காலை வைத்தால் நான்கு மூட்டும் ஒரே நேரத்தில் திறக்கும். மேய வருகிற ஆடு இதைத் தவறாமல் செய்யும், மாடு உடம்பு தேய்க்கப் பார்க்கும். தோட்டத்தில் விட்டுவைப்பதானால் சுற்றிலும் வேலிமுள் போடுங்கள். பொது இடத்தில் ஒரு மணி நேரம்கூட ஆளில்லாமல் விடக் கூடாது.

பிரிக்கும்போது சாரத்தைத் திரும்ப உள்ளே கொடுத்து, புதுப் பையில் மணல் நிரப்பி ஏற்றி, கல்லுக்கு முட்டும்வரை ஆப்பு அடித்து உயர்த்துங்கள். பூட்டுக்கல்லை முதலில் எடுத்து, கட்டிய வரிசைக்கு நேர் எதிராக இரு பக்கமும் மாறி மாறி இறக்குங்கள். சாரம் கையில் இல்லையென்றால் பூட்டுக்கல்லில் கயிறு கட்டி, வளைவு உயரத்தைப் போல் நான்கு மடங்கு தள்ளி நின்று இழுத்து விழவைப்பதுதான் வழி. அப்படி விழுந்த கல்லை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கும் முன் ஒவ்வொன்றையும் மறுபடி தட்டிச் சத்தம் பாருங்கள். எண் போட்ட கற்களைச் சில்லோடு தனித்தனிச் சாக்கில் கட்டி, எந்தச் சில்லு எந்த மூட்டுக்கு என்று சுண்ணக்கட்டியால் குறித்து வைத்தால், அடுத்த முறை அதே வளைவைக் கட்டப் பாதி நேரம் போதும்.